சௌகரியமாக வைத்துக்கொள்கிறோம்

கடையைச் சாத்திவிட்டு வந்ததும் காயில்காரர் முதலில் கைகளைத்தான் கழுவுவார். எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டி வார்னிஷ் ஊற்றுகிற தொழில். அந்தப் பழுப்பு நகக்கண்ணில் ஏறிவிட்டால் எந்தச் சோப்புக்கும் மசியாது. ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெயை ஊற்றிக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்து, பழைய துணியால் விரல் விரலாகத் துடைத்தபடியே உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்.

"இன்னிக்கு என்ன மிஸ், வெள்ளைக்காரன் எதை உதைச்சான்?"

மிஸ் என்பது அவருடைய மனைவி. செருப்புக்கடை மாடியில் ஒரு பயிற்சி நிலையம் இருந்தது. பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் இடம். இலக்கணத்தையும் உச்சரிப்பையும் மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். மரபுத்தொடர்கள் மட்டும் இவளுடைய பங்கு. சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்தால் ஒன்றும் பிடிபடாத அந்த வாக்கியங்களை எடுத்து வைத்துப் பிரித்துக் காட்டுவதில் அவளுக்குத் தனி ருசி உண்டு. தெருவில் எல்லோரும் மிஸ் என்றே கூப்பிட்டதில், முதலில் கேலிக்காகக் கூப்பிட ஆரம்பித்த புருஷனுக்கும் அதுவே வாயில் நின்றுவிட்டது.

அவர் பள்ளிக்கூடத்தைப் பாதியிலேயே விட்டவர். ஆனால் அவளுடைய பாடத்தை அவரைப்போல ரசித்தவர் யாருமில்லை. வாளியை உதைப்பது என்றால் சாவது என்று அவள் சொன்ன அன்று துணியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நம்மாளு மண்டையப் போடறான், அவன் வாளிய உதைக்கிறான். ரெண்டு பேருக்குமே சத்தம் இல்லாம சாகத் தெரியாது போல." ஒருவர் காலைப் பிடித்து இழுப்பது என்றால் வேடிக்கை செய்வது என்றபோது அவருக்கு அது ஒத்துக்கொள்ளவே இல்லை. நாம் ஒருத்தன் காலை வாரினால் அவன் பல்லு உடைகிறது, அவர்கள் காலை இழுத்தால் எப்படிச் சிரிக்கிறார்கள் என்று சாப்பிட்டு முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பயம் வந்தால் வயிற்றில் பட்டாம்பூச்சி பறக்கும் என்பதற்கு, நமக்கு வயிற்றைத்தான் கலக்குகிறது, கொடுத்துவைத்தவர்கள் என்றார். எதைச் சொன்னாலும், "அது சரி, உள்ளுக்குள்ள என்ன அர்த்தம்?" என்று கேட்பது அவர் வழக்கம். இரண்டாவது அர்த்தம் இல்லாத வாக்கியத்தை அவர் நம்பியதே இல்லை.

இருமல் எப்போது ஆரம்பித்தது என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. வார்னிஷ் வாடையில் இருமாதவன் யார் என்று அவர் தட்டிக்கழித்தார், அவளும் விட்டுவிட்டாள். ஒரு மதியம் வகுப்பின் நடுவில் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரரிடமிருந்து போன் வந்தது. காயில்காரர் இயந்திரத்தின் மேலேயே சாய்ந்துவிட்டார், உதடு நீலமாக இருக்கிறது என்றார். கையில் ஒட்டிய சாக்பீஸ் பொடியோடு அவள் ஓடினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ஒரு நீளமான தாழ்வாரம், சுவரோடு பிணைத்த இரும்பு நாற்காலிகள். உள்ளே போகச் செருப்பைக் கழற்ற வேண்டும். வாசலில் கிடக்கும் செருப்புகளை வைத்தே உள்ளே எந்தக் குடும்பம் இருக்கிறது என்று காவலாள் சொல்லிவிடுவார். டாக்டர் வேற்றூர்க்காரர், இளைஞர், தமிழ் ஒரு சொல் தெரியாது. இரண்டு நுரையீரலிலும் தொற்று, அது இரத்தத்துக்கும் போயிருக்கிறது என்று தன் ஆங்கிலத்தில் விளக்கிவிட்டு, இன்னும் காட்டைவிட்டு வெளியே வரவில்லை என்றார். சட்டென்று அவளுக்குள் ஒரு விளக்கு எரிந்தது. எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதிப் போட்ட தொடர். அவள் தலையசைத்த விதத்தைப் பார்த்ததும் டாக்டரின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதற்குப் பிறகு எதையும் அவளைப் பார்த்தே சொன்னார்.

புருஷனின் அக்கா, அவளுடைய நாத்தனார், பக்கத்து நாற்காலியிலிருந்து எழாமலே, "என்னவாம்?" என்றாள்.

"இன்னும் கண்டம் தாண்டலையாம், அண்ணி."

மறுநாள், தொட்டுவிட்டுப் போவதுபோல் இருக்கிறது என்று டாக்டர் ஒரு தொடரைச் சொன்னார். அவள் திரும்பி, இழுபறியாக இருக்கிறதாம் என்றாள். அப்படிச் சொல்லும்போது, அந்த இடத்திலும், தன் புருஷன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூச்சுக்காகப் போராடிக்கொண்டிருக்கும்போதும், சரியான சொல் அகப்பட்டதில் அவளுக்கு ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. தாழ்வாரத்தில் இருந்த மற்றவர்களும் அவளிடம் வர ஆரம்பித்தார்கள். மகனை உள்ளே கிடத்தியிருந்த ஒரு தையல்காரர், டாக்டர் வரும்போதெல்லாம் அவளைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அவள் கேட்டாள், பிரித்தாள், சொன்னாள். யாரும் வராத நேரத்தில்தான் எழுந்து கண்ணாடியோரம் போய் நின்றாள்.

மகள் தொலைவில் வேறொரு நகரத்தில் இருந்தாள். முதியோர் இல்லம் ஒன்றில் நோயாளிகளைக் கவனிக்கும் வேலை. வீட்டில் அவளுக்குப் பேர் பாப்பா. தினமும் போன் செய்தாள். இல்லத்தில் ஆள் பற்றாக்குறை, நீளமான விடுப்பு ஒரு தடவைதான் கொடுப்பார்கள், அதை இப்போது எடுப்பதா, அப்பா வீட்டுக்கு வந்தபிறகு எடுப்பதா என்பதுதான் அவளுடைய கவலை. வீட்டுக்கு வந்தால்தானே தூக்க, துடைக்க, மருந்து கொடுக்க ஆள் வேண்டும். டாக்டர் நிலவரம் சொன்னதும் முடிவு செய்யலாம் என்று அம்மாவும் மகளும் பேசி வைத்திருந்தார்கள்.

டாக்டர் சொன்னது ஒரு காலைநேரத்தில். எப்போதும் நின்றபடி, ஒரு கால் அடுத்த படுக்கையை நோக்கித் திரும்பியிருக்க, அவசரமாகப் பேசுகிறவர், அன்று வந்து அவளுக்குப் பக்கத்து இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கண்ணாடி இல்லாத அவர் முகம் மிகவும் சின்ன வயதாக இருந்தது. நாங்கள் கொடுத்துவந்த மருந்துகளில் பலவற்றை நிறுத்துகிறோம், மூச்சுக்குப் போட்ட அந்த இறுக்கமான முகமூடியும் இனி வேண்டாம் என்றார். வீட்டு மனிதர்கள் எந்த நேரத்திலும் உள்ளே வந்து பார்க்கலாம், காவலாளிடம் சொல்லிவிடுகிறேன் என்றார். பிறகு, "ஃப்ரம் ஹியர் ஆன், வீ ஜஸ்ட் வான்ட் டு கீப் ஹிம் கம்ஃபர்டபிள்" என்றார்.

இனிமேல் அவரைச் சௌகரியமாக வைத்துக்கொள்ளத்தான் விரும்புகிறோம். காடு இல்லை, வாளி இல்லை, பட்டாம்பூச்சி இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த வார்த்தைகள். அவளுடைய பாடத்தில் எந்த வகுப்பிலும் வராத வாக்கியம். பிரிக்க வேண்டியதே இல்லை. மருந்து வேண்டாம், முகமூடி வேண்டாம், எல்லோரும் வந்து பார்க்கலாம், சௌகரியமாக இருப்பார். அவள் இரண்டு கைகளையும் கூப்பி நன்றி சொன்னாள். டாக்டர் ஒரு கணம் அவள் முகத்தையே பார்த்தார். ஏதோ கேட்க நினைத்தவர்போல இருந்தது. உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அந்த ஒரு கணம் அவளுக்குள் எங்கோ அடியில் ஏதோ ஒன்று புரண்டு படுத்தது. அதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நாத்தனாரிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்தி அழுதுவிட்டு, "டாக்டர் வந்து உக்காந்ததும் எனக்கு உயிரே போயிடுச்சும்மா," என்றாள். பிறகு இவள் மகளுக்குப் போன் செய்தாள்.

"பாப்பா, இனிமே அப்பாவுக்கு ஒரு கஷ்டமும் இல்லாம சௌகரியமா வெச்சுக்கறோம்னு டாக்டர் சொல்லிட்டார். மாஸ்க்கெல்லாம் எடுக்கப்போறாங்க. நீ இப்ப அலைய வேணாம். வீட்டுக்கு வந்தப்புறம் லீவு போடு, அப்பதான் எனக்கு ஆள் வேணும்."

அந்தப் பக்கம் யாரோ ஒரு கிழவி தண்ணீர் கேட்கும் சத்தம் கேட்டது.

"மருந்தையும் நிறுத்தறாங்களா?"

"தேவையில்லையாம்."

"அம்மா, டாக்டர் பக்கத்துல இருந்தா ஃபோனைக் குடேன்."

அவளுக்கு என்னவோ சுருக்கென்றது. இத்தனை நாளாக இந்தத் தாழ்வாரம் முழுவதற்கும் இவள்தான் வாயும் காதுமாக இருந்திருக்கிறாள்.

"ஏன், எனக்கு இங்கிலீஷ் தெரியாதா?"

மகள் சிரித்துவிட்டாள். அவள் அம்மா மிஸ் அல்லவா. சரிம்மா, வீட்டுக்கு வந்ததும் வருகிறேன் என்று வைத்துவிட்டாள்.

அன்று மதியம் உள்ளே போனபோது முகமூடி எடுக்கப்பட்டிருந்தது. மூக்கில் மெல்லிய குழாய் மட்டும். மூக்குத்தண்டிலும் கன்னங்களிலும் பட்டை அழுத்திய தடம் சிவப்பாக இருந்தாலும், பழைய முகம் முழுதாகத் தெரிந்தது. ஊசி போட்டுவிட்டுப் போன நர்ஸ், அவளுடைய தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அவர் கண்ணைத் திறந்தார். பேச மூச்சுப் போதவில்லை. உள்ளங்கையைக் கட்டிலிலிருந்து ஒரு முழ உயரத்தில் பிடித்துக் காட்டினார். பாப்பா தவழ்ந்து எழுந்து நிற்கப் பழகிய நாட்களில், பாப்பா எங்கே என்று கேட்க அவர் அப்படித்தான் கையைக் காட்டுவார்.

"வருவா. நீங்க வீட்டுக்கு வந்ததும் வந்துடுவா." குனிந்து அவர் காதருகே, டாக்டர் சொன்னதையும் சொன்னாள். இனிமேல் சௌகரியமாக வைத்துக்கொள்ளப் போகிறார்களாம்.

அவர் அவளைப் பார்த்தார். உள்ளுக்குள் என்ன அர்த்தம் என்று அவருடைய கண் கேட்குமென்று அவள் காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. அவளுடைய கையைத் தடவிக் கண்டுபிடித்து, அதன்மேல் தன் கையை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். விரல்களில் பழுப்பு அப்படியே இருந்தது.

மறுநாள் காலை நாத்தனாரை உட்காரவைத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள். முன்னறையை ஒழித்தாள். கட்டிலைச் சன்னலோரம் இழுத்துப் போட்டாள், காற்று வேண்டுமே. ஒட்டடை அடித்தாள். போர்வைகளையும் தலையணை உறைகளையும் ஊறவைத்து அடித்துத் துவைத்தாள். சைக்கிள் கடைக்காரர் எட்டிப் பார்த்து விசாரித்ததற்கு, இந்த வாரத்தில் கூட்டிவந்துவிடுவோம் என்றாள். மொட்டைமாடிக் கொடியில் கடைசிப் போர்வையை விரித்துக்கொண்டிருக்கும்போது நாத்தனாரின் போன் வந்தது.

"வந்துடும்மா."

அவ்வளவுதான் சொன்னாள். கையிலிருந்த போர்வை நழுவி, ஈரத்தோடு தரையில் விழுந்தது. அதை எடுக்காமலே அவள் படியிறங்கினாள்.

மகள் வந்துசேர மறுநாள் மாலையாகிவிட்டது. அதுவரை அவரை ஆஸ்பத்திரியின் குளிர்ந்த அறையில் வைத்திருந்தார்கள். மகள் அழவில்லை. தொழில் பழக்கத்தில் அப்பாவின் தாடையை நேராக்கினாள், கைகளைச் சீராக வைத்தாள், நகங்களைப் பார்த்தாள். யாரிடமோ மண்ணெண்ணெய் கேட்டாள். அங்கே அதற்கு எங்கே போவது. தன் கைக்குட்டையை நனைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, அது போகாது என்று தெரிந்ததும் விட்டுவிட்டாள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்களும் நாத்தனாரும் கிளம்பிப்போனபின் வீட்டில் இருவர் மட்டுமே மிஞ்சினார்கள். சன்னலோரம் இழுத்துப் போட்ட கட்டிலில் மகள் படுத்துக்கொண்டாள். சமைத்ததைச் சாப்பிட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். தானாக ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்துக்கு ஒரு வடிவம் இருந்தது. ஏதோ ஒன்றைத் தயார்செய்துகொண்டிருப்பவளின் மௌனம். அம்மா அதற்குப் பயந்து அறைக்கு அறை மாறிக்கொண்டிருந்தாள்.

ஒரு முற்பகல், அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது மகள் வந்து சமையலறை நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

"டாக்டர் அன்னைக்குச் சொன்னதை அப்படியே சொல்லும்மா. தமிழ்ல வேணாம். அவர் சொன்ன மாதிரியே."

அவளுக்கு ஒரு சொல்கூட மறந்திருக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஆசிரியைக்கு முன்னால் ஒப்பிக்கும் மாணவியைப்போலச் சொன்னாள். "ஃப்ரம் ஹியர் ஆன், வீ ஜஸ்ட் வான்ட் டு கீப் ஹிம் கம்ஃபர்டபிள்."

மகள் தலையை மெதுவாக ஆட்டினாள்.

"நாங்களும் இதேதான் சொல்லுவோம். நானே சொல்லியிருக்கேன். இனிமே வைத்தியம் இல்ல, வலி தெரியாம பாத்துக்கறோம்னு அர்த்தம். கேட்டதும் சொந்தக்காரங்க எங்க இருந்தாலும் கிளம்பிடுவாங்க. ஏன்னு கேக்க மாட்டாங்க."

"எனக்குத் தெரியலடா."

"நீ இதை இங்கிலீஷ்லயே சொல்லியிருந்தா நான் அன்னிக்கே பஸ் ஏறியிருப்பேன்."

மகளுடைய குரலில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இல்லத்தில் நோயாளிகளின் உறவுக்காரர்களிடம் பேசும் குரலாக அது இருந்தது. தணிந்து, தெளிவாக.

"இன்னும் ஒண்ணு. அவர் அதை நின்னுக்கிட்டுச் சொன்னாரா, உக்காந்து சொன்னாரா?"

"ஏன் கேக்கற?"

"எங்களுக்கு டிரெய்னிங்ல அதான் சொல்லிக்குடுப்பாங்க. அந்த மாதிரி சேதியை நின்னுக்கிட்டுச் சொல்லக்கூடாது. பக்கத்துல உக்காரணும். பாஷை புரியாதவங்களுக்குக்கூட அது புரிஞ்சிடும்னு."

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றிய அந்தச் சின்ன வயது முகமும், எதையோ கேட்க வந்து கேட்காமல் போன பார்வையும், தனக்கு அடியில் அன்று புரண்டு படுத்ததும் அவளுக்கு முன்னால் வந்து நின்றன. தெரியாமலிருந்தாளா, தெரிந்துகொள்ள மாட்டேன் என்று இருந்தாளா. அவளைத் தவிர யாராலும் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அவளாலும் முடியவில்லை.

"நின்னுக்கிட்டுத்தான்," என்றாள்.

மகள் போய் அடுப்பை அணைத்தாள். அன்று டாக்டர் வந்து உட்கார்ந்ததை நாத்தனாரும் பார்த்தது அப்போதுதான் அம்மாவுக்கு நினைவு வந்தது. நாத்தனார் கிளம்புவதற்கு முந்தின நாள், அவளும் பாப்பாவும் மாடியில் வெகுநேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று இனிக் கேட்க முடியாது.

வாசலில் யாரோ செருமினார்கள். சலவைக்கடைக்காரர். துக்கம் விசாரிப்பதா, வந்த விஷயத்தைச் சொல்வதா என்று தெரியாமல் கைகளைப் பிசைந்தார். அவருடைய துணி துவைக்கும் மெஷினின் மோட்டார் காயில்காரரிடம்தான் கிடக்கிறது, பாதி வேலை ஆகியிருக்கும், வேறு எங்காவது கொடுத்தால்தான் கடையைத் திறக்க முடியும், இந்த நேரத்தில் வந்து கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது என்றார். மகள்தான் சாவியை எடுத்தாள்.

ஷட்டரைத் தூக்கியதும் வார்னிஷ் வாடை முகத்தில் அறைந்தது. உள்ளே எல்லாம் அவர் விட்டுப்போனபடியே இருந்தன. பெஞ்சின்மேல் மோட்டாரின் கனத்த இரும்புக்கூடு கிடந்தது. ஒரு பக்கம் புதுச் செம்புக்கம்பி ஒழுங்காக அடைக்கப்பட்டுப் பளபளத்தது. மறுபக்கம் வெறும் பள்ளங்கள். கட்டாத கம்பியின் நுனி சுருண்டு வெளியே தொங்கியது. இதுதான் என்று சலவைக்கடைக்காரர் அடையாளம் காட்டிவிட்டு, வண்டியைத் திருப்பி வாசலுக்குக் கொண்டுவருகிறேன், நானே தூக்கிக்கொள்கிறேன் என்று போனார்.

அந்தச் சின்ன இடத்துக்குள், அந்த வாடையில், ஒருவரையொருவர் பார்க்காமல் சும்மா நிற்க இருவராலும் முடியவில்லை. மகள் ஒரு பக்கம் கையைக் கொடுத்தாள். அவள் மறுபக்கம் பிடித்தாள். தூக்கியதும் பாரம் இரண்டு பேரின் தோளையும் கீழே இழுத்தது. நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. கீழே கிடந்த கம்பிச்சுருள்களைக் காலால் ஒதுக்கி ஒதுக்கி நகர்ந்தார்கள். வழி குறுகலாக இருந்ததால் மகள் பின்பக்கமாக நடக்க வேண்டியிருந்தது. அவளுடைய முதுகுப்பக்கம் வாசல், வாசலுக்கு அப்பால் உயரமான ஒரு படி, பிறகு தெரு.

"படி வருது," என்றாள் அம்மா.

மகள் நின்றாள். பாரம் நடுவில் தொங்க, மூச்சு வாங்க, முதல் தடவையாக அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். பிறகு ஒரு காலைப் பின்னால் நீட்டி, செருப்பு நுனியால் தரையைத் துழாவித் துழாவி, விளிம்பைத் தானே தொட்டுத் தெரிந்துகொண்டு இறங்கினாள்.